உள்பக்கம் மட்டும்

ஜூன் 3, திங்கள்

காது டாக்டரம்மா எழுதச் சொல்லியிருக்கிறார். மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடியது, காதுக்குள் என்ன சத்தம், எப்போது கூடியது, எப்போது குறைந்தது, எல்லாம் தேதி போட்டு எழுத வேண்டும். பத்து நாள் கழித்து நோட்டோடு போக வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலகையில் பென்சிலால் அளவுதான். என் வீட்டுக்காரி விசாலாட்சி ஒரு நோட்டு வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டாள்.

என் பட்டறையில் சத்தம் போடுவது மூன்று. ரம்ப மெஷின், இழைக்கிற மெஷின், சாண்டர். முதல் இரண்டும் எப்போதாவதுதான் ஓடும். சாண்டர் நாள் முழுக்க. அதன் மேலே ஆறு அங்குல அகலத்தில் உப்புத்தாள் பெல்ட்டாக ஓடும். பக்கவாட்டில் தட்டு மாதிரி ஒரு டிஸ்க் சுற்றும். பெல்ட்டில் பலகையின் முகத்தை வழிக்கலாம், டிஸ்க்கில் ஓரங்களை உருட்டலாம். கோயமுத்தூரில் பழசாக வாங்கியது. ஏழு வருடம் காதில் எதுவும் மாட்டாமல் அதன் முன்னால் நின்றதற்குத்தான் இப்போது நோட்டு எழுதுகிறேன்.

மெஷின்: நான்கு மணி நேரம். இடது காதில் சில்வண்டு கத்துவது போல ஒரே சீராக. வலது காது பரவாயில்லை.

ஜூன் 4, செவ்வாய்

மெஷின்: மூன்று மணி நேரம். பள்ளிக்கூட ஸ்டூல்களுக்குக் கால். இடது காது அதே சில்வண்டு.

ஜூன் 6, வியாழன்

மெஷின்: இரண்டரை மணி நேரம்.

மதியம் சென்னியப்பன் தலைவர் வந்தார். இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்தவர், இப்போதும் எல்லோருக்கும் தலைவர்தான். அவர் அலைந்துதான் என் பட்டறைக்கு மூன்று பேஸ் மின்சாரம் வந்தது. அது வராமல் இருந்திருந்தால் சாண்டரை வாங்கி வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பிக்கப் வண்டியை அவரே ஓட்டி வந்தார். கூட டிரைவரோ தோப்பு ஆளோ யாரும் இல்லை. பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஒரு கதவு. இரண்டு பேருமாக இறக்கினோம். பழைய தேக்கு. மேல் பாதி ஒரே பலகை, கீழ்ப் பாதி மூன்று பலகைகள் பக்கம் பக்கமாகக் கோத்தது. வெளிப்பக்கம் மேலும் கீழும் புதுத் தாழ்ப்பாள்.

“உள்பக்கம் மட்டும் வழிச்சுக் குடு, நாச்சிமுத்து. வெளிப்பக்கம் இருக்கறபடி இருக்கட்டும்” என்றார்.

திருப்பிப் போட்டோம். கீழ்ப் பலகைகள் மூன்றிலும் கீறல்.

“நாய்” என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. “ரூமுக்குள்ள போட்டு வெச்சிருந்தேன், பொறாண்டிருச்சு. சம்பந்தி ஊட்டுக்காரங்க ஊடு பாக்க வாராங்க. அதுக்குள்ள சுத்தமாயிரோணும்.”

“தாரணி கண்ணுக்குங்களா கல்யாணம்?”

“ஆமா. இருபத்தி மூணாந்தேதி.”

“ரொம்ப சந்தோசமுங்க. கண்ணு ஐதராபாத்துல இருந்து வந்திருச்சுங்களா?”

“வரும்.”

கதவு இல்லாமல் அந்த அறை என்ன செய்கிறது என்று கேட்டேன். நிலைக்குள் பிளைவுட் வைத்து ஆணி அடித்திருப்பதாகச் சொன்னார். கொப்பரை ஏதாவது போட்டு வைத்திருப்பார்.

அவர் போன பிறகு அவர் மகள் தாரணியை நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் அதற்கு ஒரு படிக்கிற மேஜை செய்து கொடுத்தேன். பட்டறைக்கே வந்து நின்று, “அண்ணா, மூலைய நானே உருட்டறேன்” என்று அடம்பிடித்து டிஸ்க்கில் வைத்து உருட்டியது. பயமே இல்லாத கை. பிறகு பார்மசி படித்தது. தை மாதத்தில் திடீரென்று ஐதராபாத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டது என்றார்கள்.

ஜூன் 7, வெள்ளி

மெஷின்: ஐந்து மணி நேரம். காது இரண்டும் மோசம்.

கதவைப் பிரித்தேன். கீழ்ப் பலகைகள் மூன்றையும் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீறல்கள் நாலு நாலாக, மேலிருந்து கீழே. ஒருவர் தரையில் உட்கார்ந்தால் கை வருகிற உயரத்தில் ஆரம்பிக்கிறது. பெரிய நாயாக இருக்க வேண்டும்.

நடுப் பலகையில் ஒரு கீறலுக்குள் ஏதோ செருகிக்கொண்டிருந்தது. அரிசியில் பாதி இருக்கும். ஒரு பக்கம் செங்காவி நிறம். இப்படி எதையாவது விட்டுவிட்டு பெல்ட்டில் வைத்தால் கோடு விழும் என்பதால் ஊசியால் கிளறி எடுத்தேன். பழைய பெயின்ட் சில்லு. திருகாணி டப்பாவில் போட்டேன். குப்பையில் போட்டிருக்கலாம்.

அறுபதாம் நம்பர் பெல்ட் மாட்டி ஆரம்பித்தேன், நம்பர் குறைந்தால் உப்புத்தாள் முரடு. பலகையை அழுத்தக் கூடாது, மரத்தின் ஓட்டத்தோடு விட வேண்டும், ஒரு இடத்தில் நின்றால் குழி விழுந்துவிடும். நான்கு நடையில் லேசான கீறல்கள் போய்விட்டன. ஆழமானவை போகவில்லை. மறுபடி மறுபடி விட்டேன். அப்புறம் எண்பது, நூற்றிருபது, நூற்றெண்பது. சாயங்காலம் கையை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. நல்ல வேலை.

சாப்பிடும்போது விசாலாட்சியிடம் சொன்னேன். கையில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“நாயா? அவங்கூட்டு நாயி போன கார்த்திகையிலயே லாரில அடிபட்டுப் போச்சுங்களே. ருக்மணியக்கா அழுதுட்டே சொன்னாங்க.”

வேறு நாய் வாங்கியிருப்பார்கள்.

ஜூன் 8, சனி

மெஷின் ஓடவில்லை. தலைவர் வண்டியிலேயே போய்க் கதவை மாட்டிவிட்டு வந்தேன்.

வீடு தென்னந்தோப்புக்கு நடுவில். பக்கத்து வீடு என்று பார்த்தால் வாய்க்கால் ரோடு வரை நடக்க வேண்டும். அந்த அறை வீட்டுக்குப் பின்னால், கொப்பரைக் களத்தை ஒட்டித் தனியாக இருக்கிறது. நிலையின் உள்தடத்தில் பிளைவுட் அடித்திருந்தது. “அதத் தொடாத. அதும் மேலயே கதவ மாட்டு. பிளைவுட்ட அப்புறம் நானே எடுத்துக்கறேன்” என்றார். நான் வேலை செய்த நேரம் முழுக்க ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

கீலுக்குத் திருகாணி ஏற்றிக்கொண்டிருக்கும்போது காதில் புதுச் சத்தம். டொக் டொக் டொக். கொஞ்சம் நிற்கும். மறுபடி டொக் டொக் டொக். டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். இதுவரை சில்வண்டு மட்டும்தான். களத்தைத் தாண்டி வந்ததும் நின்றுவிட்டது.

தலைவர் மனைவி ருக்மணியக்கா காபி கொண்டுவந்தார். டம்ளரைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்தார். “கல்யாண வேலைங்களாக்கா?” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

கிளம்பும்போது தலைவர் தோளில் கை போட்டார். “உன்ற கை சுத்தம்னுதான் உன்றகிட்ட வந்தேன். வாயும் அப்படித்தான்னு எனக்குத் தெரியும்.”

ஜூன் 9, ஞாயிறு

மெஷின் இல்லை. டொக் டொக் சத்தமும் இல்லை. சில்வண்டு மட்டும். வீட்டில் உட்கார்ந்து காதை உற்றுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

மெஷின்: ஒரு மணி நேரம்.

தலைவர் அதே கதவோடு மறுபடி வந்தார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தார். மஞ்சள் தடவியது. கூடவே வண்டிக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டை எடுத்து நீட்டினார்.

“கீழ, தரையோட ஒட்டுனாப்பல ஒரு சின்னக் கதவு வேணும். இந்தத் தட்டு உள்ள போகோணும், திரும்ப வரோணும். அதுக்கு மேல ஒரு நூல் கூட இருக்கப்படாது. தாழ்ப்பாள் வெளிய.”

“எதுக்குங்க?”

“பூனைக்கு.”

தட்டை என்னிடமே விட்டுவிட்டு, சனிக்கிழமைக்குள் வேண்டும், செவ்வாய்க்கிழமை பத்திரிகை கொடுக்கத் தாராபுரம் போகிறேன் என்றார். ஓரம் கையைக் கிழிக்காமல் வழவழவென்று இருக்க வேண்டுமாம்.

தட்டை மேஜை மேல் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். அதன் விளிம்பில் காய்ந்த ரசம் ஒட்டியிருந்தது.

ஜூன் 12, புதன்

மெஷின்: பத்து நிமிடம்.

சின்னக் கதவின் மூலையை உருட்ட டிஸ்க்கை ஓட்டினேன். டிஸ்க்கில் கீழே இறங்குகிற பாதியில்தான் மரத்தை வைக்க வேண்டும். மேலே ஏறுகிற பக்கம் வைத்தால் மரத்தைத் தூக்கி அடிக்கும். முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் இது. இன்று மறந்துபோய் அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். மரம் பறந்தது, ஆள்காட்டி விரல் டிஸ்க்கில் போய்ப் பட்டது. நுனித்தோலும் நகத்தின் ஓரமும் போய்விட்டன.

ரத்தத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, தெறித்த நகத் துண்டு மேஜை மேல் கிடந்ததைப் பார்த்தேன். திருகாணி டப்பாவைக் கவிழ்த்து அந்தச் சில்லைத் தேடி எடுத்து இதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

பெயின்ட் இல்லை.

மதியத்துக்கு மேல் வேலை செய்யவில்லை.

ஜூன் 13, வியாழன்

காது டாக்டரம்மாவைப் பார்க்க உடுமலைக்குப் போனோம். விசாலாட்சியும் வந்தாள். டாக்டரம்மா நோட்டைக் கேட்டார். கொடுக்கவில்லை. வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். பைக்குள்தான் இருந்தது. வாயால் சொன்னேன், சில்வண்டு, எத்தனை மணி நேரம் மெஷின், எல்லாம். கடைசியில் கேட்டுவிட்டேன்.

“டாக்டரம்மா, மூணு மூணாத் தட்டற மாதிரி ஒரு சத்தம். நடுவுல நிக்குது. மறுபடி மூணு. அந்த இடத்த விட்டு வந்ததும் கேக்கறதில்ல.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “காதுக்குள்ள வர்ற சத்தம் இடத்தப் பாத்து வராதுங்க. நீங்க எங்க போனாலும் கூடவே வரும். எண்ணி எண்ணித் தட்டவும் தட்டாது. அது வெளியில இருந்து வந்த சத்தம். யாரோ தட்டியிருக்காங்க.”

பேருந்தில் விசாலாட்சி கேட்டாள். “எங்கீங்க அந்தச் சத்தம் கேட்டுது?”

“பட்டறைலதான். பின்னாடி எதாவது எலியா இருக்கும்.”

ஊர் வரும் வரை என் விரலில் சுற்றிய துணியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் பட்டறைக்கு அவளே வந்தாள். கதவு கிடந்தது, தட்டு கிடந்தது, பத்திரிகை கிடந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். நான் டப்பாவிலிருந்து அந்தச் சில்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். “மருதாணி” என்றாள். “நாய்க்கு யாருங்க மருதாணி வெச்சு உடுவாங்க?”

எல்லாவற்றையும் சொன்னேன். கீறலின் உயரத்தைச் சொன்னேன். டொக் டொக் சத்தத்தைச் சொன்னேன். அதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியதைச் சொன்னேன்.

“எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

“புதன்கிழமை.”

“பொய் சொல்லாதீங்க.”

அன்று கதவைத் திருப்பிப் போட்டதுமே தெரியும். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அவளும் ஒன்று சொன்னாள். தை மாதத்திலேயே பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் பெண்கள் பேசிக்கொண்டார்களாம். தாரணி யாரோ ஒரு பையனைக் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் சொன்னது, அந்தப் பையனை அடித்து ஊரைவிட்டே ஓட்டியது. ஐதராபாத்தை யாரும் முழுசாக நம்பவில்லை. யாரும் போய்க் கேட்கவும் இல்லை. “நானுந்தான் கேக்கல” என்றாள்.

போலீசில் எழுதிக் கொடுத்துவிடலாமா என்றேன்.

“குடுக்கலாம். வந்து கேக்கறதுக்கு முன்னாடி தலைவருக்குத் தெரிஞ்சுபோயிரும். அந்தப் புள்ளைய வேற எங்கயோ கொண்டுபோயிருவாரு. இப்பவாச்சும் எங்க இருக்குதுன்னு நமக்குத் தெரியும். மொதல்ல அது வெளிய வரோணும். அப்புறம் அதுவே வாயத் தொறந்து சொல்லட்டும்.” கதவைக் காலால் தொட்டாள். “இத யாரு மாட்டப் போறது?”

“நாந்தான்.”

“அப்பறம் என்ன?”

மெஷின்: மூன்று மணி நேரம்.

பலகையின் ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். அது சட்டத்தில் வெட்டிய காடிக்குள் போய் உட்காரும். கதவை எவ்வளவு இடித்தாலும் பலகை கழன்று வராமல் பிடித்திருப்பது அந்த விளிம்புதான். சின்னக் கதவு வருவது ஓரப் பலகையில், அதைத் தொடவில்லை; நடுப் பலகையை எடுத்து அந்த விளிம்பை பெல்ட்டில் வைத்தேன். நூற்றிருபதாம் நம்பர். ஒரு நடை, எடுத்துப் பார்த்தேன். இன்னொரு நடை. கடைசியில் நாலாபக்கமும் நகக்கண் அளவுக்குத்தான் விளிம்பு மிச்சம். காடியில் வைத்து இடைவெளியை மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்தேன். கையால் தட்டினால் அசையாது. காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் பலகை மொத்தமாக வெளியே வந்துவிழும். ஒரு ஆள் ஊர்ந்து வருகிற வழி கிடைக்கும்.

முப்பது வருடத்தில் கழன்று விழ வேண்டும் என்று ஒரு கதவை இன்றுதான் செய்தேன்.

ஜூன் 15, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு அறை வாசலில் கதவை இறக்கினோம். பிளைவுட் அதே இடத்தில் இருந்தது. தலைவர் அதே ஒரு முழ தூரத்தில் நின்றார். கீலுக்கு அளவு பார்ப்பது போல் குனிந்து, கதவின் உள்பக்கம் நடுப் பலகையின் அடியில், பென்சிலால் எழுதினேன். தச்சன் எழுதுகிற மாதிரி, எண்களோடு எண்களாக: “நடு ப. மிதி. செ 2. வா.ரோடு. விசா.” நடுப் பலகையை மிதி, செவ்வாய் இரண்டு மணி, வாய்க்கால் ரோடு, விசாலாட்சி. அது படித்த பிள்ளை. புரியும்.

நிமிர்ந்தபோது அவர் பக்கத்தில் வந்திருந்தார்.

“கொஞ்சம் பொறு.”

குனிந்து உள்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். நடுப் பலகையில் நின்றார். அங்கே விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கை இன்னும் கீழே போனது. பென்சில் எழுத்தின் மேல் நின்றது.

“என்ன இது?”

“அளவுங்க தலைவரே.”

“அழிச்சுரு.”

“மாட்டி முடிச்சுட்டு அழிச்சர்றேனுங்க. கீலுக்கு அதப் பாத்துத்தான் வெக்கோணும்.”

என் முகத்தையே பார்த்தார். அப்போது போன் வந்தது. பந்தல்காரர். அவர் நாலடி தள்ளிப் போய்ப் பேசினார். நான் கதவைத் தூக்கி நிலையில் சார்த்தினேன்.

டொக் டொக் டொக்.

கீலில் திருகாணி வைத்தேன்.

டொக் டொக் டொக்.

சுத்தியலின் பின்பக்கத்தால், கீல் மேல், மூன்று முறை தட்டினேன்.

உள்ளே சத்தம் நின்றுபோனது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு ஒரே ஒரு டொக். மிக மெதுவாக.

மீதித் திருகாணிகளை எப்படி ஏற்றினேன் என்று ஞாபகம் இல்லை. அவர் திரும்பி வந்து பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. சின்னக் கதவைத் திறந்து மூடினார். “நல்லா இருக்குது” என்றார். எழுத்தை அழித்துவிட்டாயா என்று கேட்டார். அழித்துவிட்டேன் என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

மெஷின் இல்லை. பிளைவுட்டை எடுத்திருப்பாரா? எழுத்தைப் பார்த்திருப்பாரா? விசாலாட்சி வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஜூன் 17, திங்கள்

மெஷின்: ஆறு மணி நேரம். செய்ய வேலை இல்லை. சும்மா ஒரு கட்டையை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் தலைவர் பத்திரிகை கொடுக்கத் தாராபுரம் பக்கம் போனார். பிக்கப் பட்டறையைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். களத்து ஆட்கள் ஒன்றரைக்குச் சாப்பிடப் போவார்கள், பேச்சுச் சத்தம் நின்றால் உள்ளே இருக்கிற தாரணிக்கும் நேரம் தெரியும். விசாலாட்சி ஒன்றரைக்கே மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாய்க்கால் ரோட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், துணி மூட்டையோடு.

இரண்டு மணி ஆனது. இரண்டரை. மெஷினை ஓட்டவில்லை. சத்தத்தில் போன் வந்தது தெரியாமல் போய்விடுமே என்று பயம்.

மூன்று பத்துக்குக் கூப்பிட்டாள்.

“வந்துருச்சுங்க” என்றாள். பின்னால் காற்று இரைந்தது. “செருப்பில்லாம ஓடி வந்துச்சு. எடையே இல்லீங்க. பின்னாடி உக்காந்திருக்கறதே தெரியல. கலெக்டர் ஆபீஸுக்குத்தான் போறோம். பொம்பளைங்களுக்குன்னு அங்க ஒரு அம்மா இருக்காங்களாம். இதுவே அவங்க நம்பரு வெச்சிருக்குது, மனப்பாடமா.”

“பேசுமா? குடு அது கையில.”

தாரணி மூச்சு வாங்கியது. பிறகு, “அண்ணா, சோத்துல தூக்க மாத்திரை கலந்து குடுப்பாங்கண்ணா. நான் படிச்சது அதத்தான், ருசியிலயே தெரிஞ்சுரும். நாலு நாளா ஒண்ணும் சாப்பிடாம, மிதிக்கறதுக்காக முழிச்சிருந்தேன்.”

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 19, புதன்

தலைவர் வந்தார். வண்டியிலிருந்து நடுப் பலகையை எடுத்து வந்து சாண்டர் மேல் வைத்தார். பென்சில் எழுத்து மேலே தெரிந்தது. தேய்ந்த விளிம்பை விரலால் தடவிக் காட்டினார்.

“இது யாரு கை?”

“என்ற கைதானுங்க.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மெஷின் சுவிட்சைப் போட்டார். பெல்ட் ஓடியது, மேலே இருந்த பலகை பாய்ந்து போய்ச் சுவரில் அடித்து விழுந்தது. மெஷினை ஓடவிட்டபடியே போய்விட்டார்.

ஜூன் 20, வியாழன்

தாரணி நீதிபதி முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. காப்பகத்தில் இருக்கிறது. தலைவரைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். வழக்கு இருக்கிறதாம். என்னையும் கூப்பிடுவார்களாம். பத்து நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பார்கள். கீறல்களைத் தேய்த்தது யார் என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்வேன்.

ஜூன் 23, ஞாயிறு

கல்யாணம் இல்லை. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 24, திங்கள்

பள்ளிக்கூட ஸ்டூல்கள் வேண்டாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. மெஷின் இல்லை.

ஜூன் 27, வியாழன்

காலை எட்டு மணிக்கு ருக்மணியக்கா பட்டறைக்கு நடந்தே வந்தார். கையில் ஒரு துணிப்பை. தாரணியின் சர்டிபிகேட்டுகள், இரண்டு சுடிதார், மூக்குக் கண்ணாடி.

“இத அதுகிட்டச் சேத்தீருங்க” என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றார்.

“மாத்திரைய நாந்தான் பொடி பண்ணிப் போட்டேன். அவரு குடுப்பாரு, நான் போடுவேன். அது தட்டும், நான் அடுப்படில உக்காந்துட்டு இருப்பேன். அன்னைக்குப் பலக உளுந்த சத்தம் எனக்குக் கேட்டுது. எந்திரிச்சுப் போய் டிவி சத்தத்தக் கூட்டி வெச்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.”

விசாலாட்சி அவர் கையைப் பிடித்தாள்.

“நேத்து அந்தக் கதவுக்கு வெல்டிங் கடைக்காரன வெச்சு முழுசா இரும்புத் தகடு அடிச்சுட்டாரு” என்றார் அக்கா. “நாளைக்கு சன்னலுக்கும் அடிக்கறாங்களாம். அந்த ரூமுல இப்ப யாருங்க இருக்கறாங்க? யாருக்கு அடிக்கறாரு?”

விசாலாட்சி துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எனக்கு பஸ் நம்பரு மட்டும் சொல்லுங்க. நானே போயிக்கறேன்.”

விசாலாட்சி உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ஒன்பது மணி பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு பிக்கப் வந்தது. தலைவர் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“ருக்மணி இங்க வந்தாளா?”

“வந்தாங்க.”

“எங்க இப்ப?”

“பஸ் ஏத்தி உட்டுட்டேனுங்க.”

வண்டியின் சத்தம் நின்றது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போகத் தோன்றியது, போகவில்லை. ரோட்டில் போனவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள், யாரும் நிற்கவில்லை.

“நீயும் இந்த ஊருலதான இருக்கோணும், நாச்சிமுத்து” என்றார் கடைசியில். சத்தமே போடாமல், விலாசம் கேட்கிற மாதிரி. வண்டியைக் கிளப்பிக்கொண்டு பஸ் போன ரோட்டிலேயே போனார். உடனே காப்பகத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். வாசலில் போலீஸ் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார்கள்.

நான்கு மணிக்கு விசாலாட்சி பேசினாள். இரண்டு பேரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“தாரணி வெளிய வரவே மாட்டேன்னு சொல்லிருச்சுங்க. அக்கா வராந்தாப் பெஞ்சுலயே உக்காந்திருந்தாங்க. உள்ளயும் போகல, எந்திரிச்சும் போகல. மூணு மணிக்கு மேல அதுவாவே வந்துச்சு. பெஞ்சுல அந்தக் கோடியில உக்காந்துக்கிச்சு.”

“என்ன சொல்லுது?”

“ஒண்ணும் பேசல.”

“அக்கா?”

“அவங்களும் பேசல. இப்ப சித்த நேரத்துக்கு முன்னாடி, அவங்க கைய மட்டும் எடுத்துப் பாத்துச்சு. மாத்திரை பொடி பண்ற கல்லு இடிச்சு நகமெல்லாம் கருத்துக் கிடக்குதுங்க. அதப் பாத்துட்டு அப்படியே உட்டுருச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் கொஞ்சம் இந்தப் பக்கமா நகந்து உக்காந்திருக்குதுங்க.”